பத்தி சொன்னது எது, நாம் நினைத்தது எது?

குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வன்று காலையில் பொது அறிவுத் தாள் முடிகிறது. பிற்பகல் இரண்டரை மணிக்கு இரண்டாம் தாள் தொடங்குகிறது. ‘சிசாட்’ என்று எல்லோரும் சொல்லும் அந்தத் தாளில் 80 கேள்விகள், 200 மதிப்பெண், இரண்டு மணி நேரம். 33 விழுக்காடு, அதாவது 66 மதிப்பெண் எடுத்தால் போதும். அதற்கு மேல் எவ்வளவு எடுத்தாலும் தரவரிசையில் சேராது. ஆனால் 66 வராவிட்டால் காலைத் தாளில் எடுத்த மதிப்பெண் அத்தனையும் வீண். அந்த 80 கேள்விகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, ஒரு பத்தியைக் கொடுத்து அதன்மேல் கேட்கப்படுபவை. விடை பத்தியை மட்டுமே அடிப்படையாகக் கொண்டிருக்க வேண்டும் என்று ஒரு குறிப்பு அவற்றுக்கு மேலே அச்சிடப்பட்டிருக்கும். பல ஆண்டு படித்துத் தேறியவர்களும் சறுக்கி விழுவது அந்த ஒற்றைக் குறிப்பில்தான்.

புணே நகரின் சதாசிவ் பேட், நாராயண் பேட், சனிவார் பேட் தெருக்களில் நடந்தால் இந்தத் தேர்வுகளின் கனம் கண்ணுக்குத் தெரியும். ‘அப்யாசிகா’ என்ற பலகை மாட்டிய வாடகைப் படிப்பறைகள், அவற்றை ஒட்டி மெஸ்கள், ஜெராக்ஸ் கடைகள். பீட், லாத்தூர், பர்பணி, நாந்தேட் போன்ற வறண்ட மாவட்டங்களிலிருந்து வந்த பிள்ளைகள், ஊரிலிருந்து வரும் சொற்பப் பணத்தில் மேசைக்கு மாத வாடகை கொடுத்துப் படிக்கிறார்கள். அப்பா பல்வந்த் சௌக்கின் புத்தகக் கடைகளில் பழைய வினாத்தாள் தொகுப்புகள் அடுக்கடுக்காக விற்கின்றன. இவர்களில் பெரும்பாலோர் மகாராஷ்டிர அரசுப் பணித் தேர்வாணையத்தின் தேர்வுக்கும் மத்தியத் தேர்வாணையத்தின் தேர்வுக்கும் சேர்த்தே படிக்கிறவர்கள். அதே நகரின் இன்னொரு பக்கத்தில், மேலாண்மைப் படிப்புக்கான ‘கேட்’, சட்டப் படிப்புக்கான ‘கிளாட்’ தேர்வுகளுக்குப் பயிலும் கல்லூரி மாணவர்கள். நகரை ஒட்டிய கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமியில் சேர எழுதும் தேர்விலும் ஆங்கிலப் பத்திகள் உண்டு. இத்தனை விதமான பிள்ளைகளும் கடைசியில் ஒரே வகைக் கேள்வியின் முன் வந்து நிற்கிறார்கள்: ‘மேற்கண்ட பத்தியிலிருந்து கீழ்க்கண்டவற்றில் எதை உய்த்துணரலாம்?’

இந்தக் கேள்வியை ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் கேள்வி என்று நாம் எல்லோருமே எடுத்துக்கொண்டுவிட்டோம். பெற்றோர் அப்படி நினைக்கிறார்கள். பயிற்சி மையங்களும் அப்படியே சொல்லிச் சொற்பட்டியல் புத்தகங்களை விற்கின்றன. தவறவிட்ட மாணவனும் ‘நம் இங்கிலீஷ் இவ்வளவுதான்’ என்று மனம் ஒடிந்துபோகிறான். என் வாதம் வேறு. உய்த்துணர் கேள்வி சோதிப்பது ஆதாரத்தை. ‘உனக்கு எப்படித் தெரியும்?’ என்ற கேள்விக்குப் பத்திக்குள்ளேயே விரல் வைத்துக் காட்ட முடிகிறதா என்று அது பார்க்கிறது. அந்தப் பழக்கத்தைத் தாய்மொழி வகுப்பில் பத்து வயதில் தொடங்கியிருக்க வேண்டும். நாம் அதைச் செய்யாமல் விட்டுவிட்டு, இருபத்திரண்டு வயதில் ஆங்கிலத்தின் தலையில் பழியைப் போடுகிறோம்.

ஒரு மாதிரிப் பத்தியை எடுத்துக்கொள்வோம். நானே எழுதியது, எந்த நகரத்தையும் குறிப்பதல்ல. ‘ஒரு நகராட்சி 300 வீடுகளில் தண்ணீர் மீட்டர் பொருத்தியது. ஆறு மாதத்தில் அந்த வீடுகளின் தண்ணீர்ப் பயன்பாடு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அடுத்த ஆண்டுக்குள் நகரின் எல்லா வீடுகளுக்கும் மீட்டர் பொருத்தி முடிக்கப்போவதாக நகராட்சி அறிவித்திருக்கிறது.’ இதிலிருந்து எதை உய்த்துணரலாம்? ஒன்று: மீட்டர் வருவதற்கு முன் அந்த வீட்டார் தண்ணீரை வீணாக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு: எல்லா வீடுகளுக்கும் மீட்டர் வந்தால் நகரின் பயன்பாடு ஐந்தில் ஒரு பங்கு குறையும். மூன்று: காசு கட்ட வேண்டும் என்றால்தான் மக்கள் சிக்கனமாக இருப்பார்கள். நான்கு: நகரின் எல்லா வீடுகளுக்கும் இன்னும் மீட்டர் பொருத்தி முடியவில்லை.

சரியான விடை நான்காவது. படித்தவுடன் ‘இதில் என்ன இருக்கிறது’ என்று தோன்றும். அவ்வளவு சப்பென்று இருப்பதால்தான் பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். முதல் விடை எவ்வளவு கவர்ச்சியாக இருக்கிறது என்று பாருங்கள். கோடைக்காலத்தில் வாகோலியிலும் உந்திரியிலும் டேங்கர் லாரிக்குக் காத்திருக்கும் குடியிருப்புகளைப் பார்த்த புணேக்காரருக்கும், சென்னையில் 2019 கோடையைக் கடந்துவந்தவருக்கும், தண்ணீர் வீணாவதைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பத்தி அதைச் சொல்லவில்லை. பயன்பாடு குறைந்தது என்றுதான் சொல்கிறது. தேவையானதைக்கூட அந்த வீட்டார் குறைத்துக்கொண்டிருக்கலாம். அந்த ஆறு மாதம் மழைக்காலமாக இருந்திருக்கலாம். இரண்டாம் விடையில் ஒரு தாவல் இருக்கிறது: 300 வீடுகளில் நடந்தது நகரம் முழுவதும் நடக்கும் என்பதற்குப் பத்தியில் சான்று எங்கே? அந்த 300 வீடுகளும் தோட்டம் வைத்த பங்களாக்களாகவே இருந்திருந்தால்? மூன்றாவதில் ‘காசு’ என்று ஒன்று வருகிறது. பத்தியைத் திரும்பப் படியுங்கள். கட்டணத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. மீட்டர் என்றதும் கட்டணம் நம் மனத்தில் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

கவனிக்க வேண்டியது இதுதான்: அந்தப் பத்தியில் கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. முழுவதும் தமிழில்தான் இருக்கிறது. ஆனாலும் தவறு நடக்கிறது. மூன்று தவறான விடைகளும் மூன்று வெவ்வேறு வழியில் நம்மைப் பத்திக்கு வெளியே இழுத்துப் போகின்றன. ஒன்று ஏற்கெனவே நாம் நம்புவதைச் சொல்கிறது. ஒன்று சிறியதைப் பெரியதாக விரிக்கிறது. மற்றொன்று பத்தியில் இல்லாத காரணத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறது. வினாத்தாள் தயாரிப்பவர்கள் தவறான விடைகளைப் பெரும்பாலும் இந்த மூன்று வழிகளில்தான் அமைக்கிறார்கள். உலக அனுபவம் உள்ள, நாளிதழ் படிக்கிற, சமூக அக்கறையுள்ள மாணவனே இவற்றில் அதிகம் சிக்குகிறான் என்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். அவனுக்குத் தெரிந்திருப்பது அதிகம். அந்த அதிகத்தை எப்போது ஓரமாக எடுத்து வைப்பது என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

நம் பள்ளிகளின் ‘காம்ப்ரிஹென்ஷன்’ வகுப்பை நினைத்துப் பாருங்கள். பத்தியைத் தருவார்கள், கீழே ஐந்து கேள்வி. கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடி, அது இருக்கும் வாக்கியத்தை அப்படியே எடுத்து எழுதினால் முழு மதிப்பெண். பொருள் புரியாமலேயே சரியான விடை எழுதிவிடலாம். தமிழ்நாட்டில் நோட்ஸும் கைடும் பார்த்துப் படித்த தலைமுறைகளுக்கு இது பழகிப்போன வழி. மகாராஷ்டிரத்திலும் நிலைமை பெரிதாக வேறுபடவில்லை. அங்கே 2000-ஆம் ஆண்டிலிருந்து முதல் வகுப்பிலேயே ஆங்கிலம் தொடங்குகிறது. பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளில் பத்தியிலிருந்து தகவல் எடுத்து எழுதுவது ஒரு முனை. ‘இதைப் பற்றி உன் கருத்து என்ன?’ என்பது மறுமுனை. இரண்டும் வேண்டியவைதான். ஆனால் இரண்டுக்கும் நடுவில் உள்ள நிலம், அதாவது எழுதியவர் நேராகச் சொல்லாமல், ஆனால் அவர் சொன்னதிலிருந்து தவிர்க்க முடியாமல் வந்து சேர்வது, போதிய உழவு காணாமல் கிடக்கிறது. ஒரு முனையில் மாணவன் பத்தியை நகலெடுக்கிறான். மறுமுனையில் பத்தியை விட்டுவிட்டுப் பேசுகிறான். பத்தியோடு நின்று யோசிக்கும் வேலை அவனுக்கு அரிதாகவே வருகிறது.

இந்த விஷயத்தில் புணேவுக்குத் தனிப் பொறுப்பு உண்டு. மகாராஷ்டிர மாநிலத்தின் பாடநூல்களைத் தயாரிக்கும் ‘பாலபாரதி’, 1967-இல் தொடங்கப்பட்ட நிறுவனம், சேனாபதி பாபட் சாலையில் இருக்கிறது. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளை நடத்தும் மாநில வாரியத்தின் தலைமையகம் சிவாஜிநகரில் இருக்கிறது. ஆசிரியர் பயிற்சியையும் பாடத்திட்டத்தையும் கவனிக்கும் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி நிறுவனமும் இங்கேதான். பத்தியைப் படிக்கத் தெரியவில்லை என்று இளைஞர்கள் ஆண்டுக்கணக்கில் தவிக்கும் அப்யாசிகாக்களிலிருந்து இந்த மூன்றுமே கூப்பிடு தூரத்தில் உள்ளன. அந்தத் தவிப்பின் வேர் எந்த வகுப்பில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேறு எந்த நகரத்துக்கும் இவ்வளவு வசதி கிடையாது.

தமிழ்நாட்டின் கதை இன்னும் வெளிப்படையானது. 15 வயது மாணவர்களின் வாசிப்பு, கணிதம், அறிவியல் திறனை நாடுகளுக்கிடையே ஒப்பிடும் ‘பிசா’ தேர்வில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் பங்கேற்றன. 2011 டிசம்பரில் முடிவு வந்தது. வாசிப்பில் வளர்ந்த நாடுகளின் சராசரி 493 புள்ளி. தமிழ்நாட்டின் சராசரி 337. அடிப்படை நிலையான இரண்டாம் நிலையை எட்டியவர்கள் அந்த நாடுகளில் நூற்றுக்கு 81 பேர்; தமிழ்நாட்டில் 17 பேர். பங்கேற்ற எழுபத்துச் சொச்சம் நாடுகள், பகுதிகளின் பட்டியலில் இரண்டு மாநிலங்களும் கடைசி வரிசையில் நின்றன. இந்தத் தேர்வு ஆங்கிலத்தில் மட்டும் நடந்ததல்ல, தமிழிலும் நடந்தது. அது கேட்பதும் பெரும்பாலும் தகவலைத் தேடி எடுப்பதைத் தாண்டிய கேள்விகள்: பத்தியின் பகுதிகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பொருள் கொள்வது, எழுதியவரின் நோக்கத்தை எடைபோடுவது. கேள்விகள் நம் பண்பாட்டுக்குப் பொருந்தவில்லை என்று அன்று அரசுத் தரப்பில் விளக்கம் சொல்லப்பட்டது. அடுத்தடுத்த சுற்றுகளில் இந்தியா கலந்துகொள்ளவில்லை. பண்பாட்டு விளக்கத்தில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டதால் அந்த 17 என்ற எண் மாறிவிடாது. அதைப் பார்த்துவிட்டுத் தமிழ் வகுப்பில் என்ன மாற்ற வேண்டும் என்று மாநிலம் முழுவதும் ஒரு விவாதம் நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை.

சொல்லாததைச் சொன்னதிலிருந்து பெறுவது நமக்கு அந்நியமான கலையா? மணிமேகலையைத் திறந்தால் போதும். சமயக் கணக்கர்களின் வாதங்களை மணிமேகலை கேட்கும் காதையில், அறிவு பெறும் வழிகள் ஒவ்வொன்றாகச் சொல்லப்படுகின்றன. காட்சி ஒன்று, கருதல் ஒன்று, அருத்தாபத்தி இன்னொன்று. கங்கையில் ஓர் ஆயர் குடி இருக்கிறது என்றால், அது ஆற்று நீருக்குள் இருக்க முடியாது, கரையில்தான் இருக்கிறது என்று கொள்வது அருத்தாபத்தி. இன்றைய தேர்வுத் தாளில் இருக்க வேண்டிய எடுத்துக்காட்டு அது. சொல்லப்பட்டது உண்மையாக வேண்டுமானால் வேறொன்றும் உண்மையாகவே இருந்தாக வேண்டும். அந்த வேறொன்றை மட்டும் எடுத்துக்கொள், அந்தக் குடியில் எத்தனை மாடு என்று போகாதே. அதே காப்பியத்தில் பின்னால் அறவண அடிகள் மணிமேகலைக்குக் காட்சி, கருத்து என்ற இரண்டு அளவைகளைக் கற்பிக்கிறார். அதோடு நிற்காமல், கருத்து எங்கெல்லாம் பிழைபடும் என்பதையும் வகைவகையாகச் சொல்கிறார். பிழையான அனுமானங்களின் பட்டியல் ஒன்று தமிழில் காப்பியத்துக்குள்ளேயே இருக்கிறது. அதை நாம் மனப்பாடப் பகுதியாக வைத்தோமே தவிர, வகுப்பறைப் பயிற்சியாக ஆக்கவில்லை.

உரையாசிரியர்களின் வழியும் அதுவே. பரிமேலழகரோ நச்சினார்க்கினியரோ ஒரு பாட்டிலிருந்து மறைபொருள் ஒன்றை எடுத்தால், எந்தச் சொல் அங்கே நிற்பதால் அது கிடைக்கிறது என்று காட்டிவிட்டுத்தான் நகர்கிறார்கள். காட்ட முடியாத இடத்தில் இன்னொரு உரைகாரர் வந்து மறுக்கிறார். தமிழில் வாசிப்பு என்பது பல நூற்றாண்டுகள் இப்படித்தான் நடந்திருக்கிறது. பத்தாம் வகுப்புத் தமிழ் ஆசிரியருக்கு நெருக்கமான இந்த மரபை விட்டுவிட்டு, ஆங்கிலப் பயிற்சிப் புத்தகத்தின் ‘டிப்ஸ்’ பக்கத்தில் நாம் விடை தேடிக்கொண்டிருக்கிறோம்.

அந்த டிப்ஸ்களைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். ‘எப்போதும்’, ‘ஒருபோதும்’, ‘மட்டுமே’ போன்ற சொற்கள் வரும் விடைகளை அடித்துவிடு. முதலில் கேள்வியைப் படி, பிறகு பத்தியைப் படி. நீளமான விடை பெரும்பாலும் சரி. முதலாவதில் கொஞ்சம் பயன் உண்டு. மிகையாக விரிப்பது தவறான விடையின் அடையாளங்களில் ஒன்று என்பதால்தான் அந்த உத்தி பல நேரம் பலிக்கிறது. ஆனால் பத்தியே ‘மட்டுமே’ என்று சொல்லியிருந்தால் அந்தச் சொல் உள்ள விடைதான் சரி. கேள்வி தயாரிப்பவர்களுக்கும் இந்த உத்திகள் தெரியும். அவற்றை முறியடிக்கவே சில கேள்விகளை அமைக்கிறார்கள். மற்ற இரண்டும் பதற்றத்தைக் குறைக்குமே தவிர, விடை தராது. உத்திகளை நம்பிப் போகிறவர்கள் மாக் டெஸ்டில் ஒரு வாரம் ஏறுவதும் மறு வாரம் இறங்குவதுமாக இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

‘கேட்’ தேர்வை எடுத்துக்கொண்டால் நேரமும் சேர்ந்து நெருக்குகிறது. மொழிப் பிரிவில் 40 நிமிடம், 24 கேள்விகள். அவற்றில் 16 கேள்விகள் நான்கு பத்திகளிலிருந்து. சரியான விடைக்கு மூன்று மதிப்பெண், தவறுக்கு ஒன்று கழியும். பத்திகளோ வெளிநாட்டுக் கட்டுரை இதழ்களின் நடையில், கலை விமரிசனம், மானுடவியல், சூழலியல் என்று எங்கெங்கோ போகும். ‘கீழ்க்கண்டவற்றில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் உய்த்துணரலாம், அந்த ஒன்று எது?’ என்று தலைகீழாகவும் கேட்பார்கள். 2020-இல் ‘கிளாட்’ தேர்வும் முழுக்க முழுக்கப் பத்திகளை அடிப்படையாகக் கொண்ட தேர்வாக மாறியது. சட்டம் படிக்க வருகிறவர் ஆவணத்தைப் படித்து அதற்குள் நின்று வாதிட வேண்டியவர் என்பதால் அந்த மாற்றத்தில் நியாயம் இருக்கிறது.

இங்கே ஒரு சிக்கலை மூடி மறைக்கக் கூடாது. ‘பத்தியை மட்டும் வைத்துப் பதில் சொல்’ என்கிறது தேர்வு. வெளியறிவு இல்லாமல் எந்தப் பத்தியையும் புரிந்துகொள்ள முடியுமா? 1988-இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்கள் 64 பேரிடம் பேஸ்பால் ஆட்டம் பற்றிய ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். படித்ததை மாதிரி மைதானத்தில் பொம்மைகளை நகர்த்திக் காட்டவும், சொல்லவும் வைத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்களாக இருந்தாலும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளை விடச் சிறப்பாகச் செய்தார்கள். நம் ஊர்ப் பிள்ளையிடம் கிரிக்கெட் வர்ணனையைக் கொடுத்தால் இதே கதைதான். அப்படியானால் வறண்ட பர்பணியிலிருந்தோ, சங்கரன்கோவில் பக்கத்து ஊரிலிருந்தோ வந்த மாணவன் ஐரோப்பிய ஓவிய இயக்கம் பற்றிய பத்தியில் தடுமாறினால், தடுமாற்றம் தருக்கத்தில் இருப்பதாகச் சொல்ல முடியாது. அவனுக்கு அந்த உலகத்தோடு பழக்கமில்லை.

நான் இதை இப்படிப் பிரித்துப் பார்க்கிறேன். பத்தியின் சொற்கள் எதைக் குறிக்கின்றன என்று விளங்கிக்கொள்ள வெளியறிவு வேண்டும். ஒரு முடிவு சரி என்று முத்திரை குத்துவதற்கு வெளியறிவு கூடாது. மீட்டர் என்றால் என்ன என்று தெரியாதவனுக்கு என் மாதிரிப் பத்தியே விளங்காது. அது முதல் வகை. மீட்டர் வந்தால் கட்டணம் வரும் என்ற நம் அறிவு இரண்டாம் வகை. அதை வெளியே நிறுத்திவைக்க வேண்டும். இந்த வேறுபாட்டை ஒரு மாணவன் உணர்ந்துகொண்டால், பரந்து படிப்பதும் பத்திக்குள் கட்டுப்பட்டு நிற்பதும் ஒன்றுக்கொன்று பகை இல்லை என்று அவனுக்குப் புரிந்துவிடும். செய்தித்தாள், வரலாறு, அறிவியல், பயணக்கட்டுரை எல்லாம் படிக்க வேண்டும். தாய்மொழியில் படித்தாலும் அந்த அறிவு ஆங்கிலப் பத்தியில் வந்து உதவும். சொற்பட்டியலை உருப்போடுவதைவிட இது மெதுவான வழி, ஆனால் நிலைக்கும்.

மொழி நீதியைப் பற்றிய கேள்வியும் இதோடு பின்னிக் கிடக்கிறது. 2011-இல் சிசாட் வந்தபோது அதன் மதிப்பெண் தரவரிசைக்குச் சேர்ந்தது. கிராமப்புற, வட்டாரமொழி மாணவர்களுக்கு அது பாதகம் என்று 2014 கோடையில் தில்லி முகர்ஜி நகரில் பெரும் போராட்டம் வெடித்தது. அந்த ஆகஸ்டில், ஆங்கிலப் புரிதல் பகுதிக் கேள்விகளின் மதிப்பெண் கணக்கில் வராது என்று மத்திய அரசு அறிவித்தது. 2015-இலிருந்து தாள் முழுவதும் தகுதித் தாளாக மட்டும் ஆனது. போராடியவர்களின் கோபம் நியாயமானது. ஆனாலும் நடந்ததைப் பாருங்கள். ஆங்கிலத்துக்கென்று இருந்த பகுதி போய்விட்டது. உய்த்துணர் கேள்விகள் அப்படியே இருந்தன. இந்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சாகும் பத்திகளின் மேல் அதே ‘எது மிகவும் தருக்கபூர்வமான முடிவு’, அதே ‘எழுதியவரின் அனுமானம் எது’. தடுமாற்றமும் தொடர்ந்தது.

இன்னொன்றையும் தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டும். முதல்நிலைத் தேர்வின் வினாத்தாள் இன்றும் இந்தி, ஆங்கிலம் இரண்டில் மட்டும்தான் வருகிறது. சதாசிவ் பேட்டின் மராத்தி வழி மாணவனும் மதுரையின் தமிழ் வழி மாணவனும் அந்தப் பத்தியைத் தங்கள் மொழியில் படிக்க வழியில்லை. முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம், நேர்காணலில் தமிழில் பேசலாம் என்று அனுமதிக்கும் ஓர் அமைப்பு, வாசலில் மட்டும் இரண்டே மொழி என்பது எந்த வகையில் நியாயம்? உய்த்துணரும் திறனை அளப்பதுதான் நோக்கமென்றால், அதை அவரவர் மொழியில் அளக்க வேண்டும். ஆங்கிலத் திறனை அளக்க முதன்மைத் தேர்வில் தனித் தகுதித் தாள் ஏற்கெனவே இருக்கிறது. மகாராஷ்டிரத் தேர்வாணையம் தன் தாளை மராத்தியிலும் ஆங்கிலத்திலும் தருகிறது. ஒரு மாநில ஆணையத்தால் முடிந்ததை மத்திய ஆணையம் எட்டாவது அட்டவணை மொழிகளில் செய்ய முயன்றாக வேண்டும். நீட் தேர்வே தமிழ், மராத்தி உட்பட 13 மொழிகளில் நடக்கும்போது, முடியாது என்ற வாதம் நிற்காது.

2023-ஆம் ஆண்டு ஜனவரி, பிப்ரவரியில் புணேயின் தெருக்களில் மாநிலத் தேர்வு மாணவர்கள் போராடியதை நாடு கண்டது. கொள்குறி முறையை விட்டு விரிவாக எழுதும் முறைக்கு முதன்மைத் தேர்வு மாறப்போகிறது என்ற அறிவிப்பை உடனே நடைமுறைப்படுத்தாமல் 2025-க்குத் தள்ளிவைக்க வேண்டும் என்பது கோரிக்கை, ஆணையம் ஏற்றுக்கொண்டது. பல ஆண்டு ஒரே முறையில் பழகியவர்களுக்கு அவகாசம் கேட்கும் உரிமை உண்டு. ஆனால் அந்தப் போராட்டம் எனக்குக் காட்டியது வேறொரு இழப்பு. நான்கு விடைகளில் ஒன்றைக் கறுப்பாக்குவதிலேயே இளமையின் சிறந்த ஆண்டுகளைச் செலவழித்தவர்களுக்கு, ‘ஏன்’ என்று இரண்டு வரி எழுதுவது அச்சம் தருவதாக ஆகிவிட்டது. உய்த்துணர் கேள்வியின் உயிரே அந்த ‘ஏன்’தான். கொள்குறித் தாளில் அதை யாரும் கேட்பதில்லை என்பதால், சரியான விடையைத் தவறான காரணத்துக்காகத் தேர்ந்தவனும் தேறிவிடுகிறான். சரியாக யோசித்து ஒரு நூலிழையில் பிசகியவன் மதிப்பெண் இழக்கிறான்.

வகுப்பறையில் செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் வேலையில்லை. ஆறாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் ஒரு கதையோ செய்தியோ படித்து முடித்ததும் ஆசிரியர் ஒரு வாக்கியத்தைச் சொல்லட்டும். ‘இதைப் பத்தி சொல்கிறதா, மறுக்கிறதா, இரண்டும் இல்லையா?’ என்று கேட்கட்டும். ‘இரண்டும் இல்லை’ என்ற மூன்றாவது பதிலுக்கு வகுப்பில் மதிப்புக் கிடைக்க வேண்டும். தெரியாது என்று சொல்வதை முட்டாள்தனமாகப் பார்க்கும் நம் வகுப்பறைகளில் இதுவே பெரிய மாற்றம். எந்தப் பதிலைச் சொன்னாலும் அந்தப் பிள்ளை ஒரு வரியின் கீழ் கோடு போட்டுக் காட்ட வேண்டும். கோடு போட வரி கிடைக்கவில்லை என்றால், அது தன் நினைப்பு என்று அந்தப் பிள்ளைக்கே தெரிந்துவிடும். புணே வட்டாரத்தில் கட்கியிலும் தேகு ரோட்டிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, பள்ளியில் ஆங்கிலம் என்று மூன்றிலும் புழங்குகிறார்கள். இந்தப் பழக்கம் ஒரு மொழியில் படிந்துவிட்டால் மற்ற இரண்டுக்கும் தானாகப் போய்ச் சேரும்.

தேர்வு நடத்துகிறவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. மத்தியத் தேர்வாணையம் ஆண்டுக்கணக்காக, மொத்தத் தேர்வும் முடிந்து இறுதி முடிவு வந்த பிறகுதான் முதல்நிலைத் தேர்வின் விடைக்குறிப்பை வெளியிட்டு வந்திருக்கிறது. மகாராஷ்டிர ஆணையம் முதலில் ஒரு விடைக்குறிப்பை வெளியிட்டு, ஆட்சேபங்களைக் கேட்டுப் பிறகு இறுதி செய்கிறது. அது நல்ல முறை. ஆனால் இரண்டுமே தருவது எழுத்தை மட்டும்: ‘ஆ’, ‘ஈ’, ‘இ’. 2025-ஆம் ஆண்டு சேர்க்கைக்கான கிளாட் தேர்வின் விடைக்குறிப்பு சரியில்லை என்று மாணவர்கள் தில்லி உயர் நீதிமன்றம் போனார்கள். சில விடைகளை நீதிமன்றம் திருத்தியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. எந்த விடை ஏன் சரி என்று தேர்வு நடத்தியவர்கள் சொல்ல வேண்டிய விளக்கத்தை நீதிபதிகள் எழுத வேண்டி வந்தது. கணக்குக் கேள்விக்கு விடை எழுத்து மட்டும் போதும். மாணவனே வழியைப் போட்டுப் பார்த்துக்கொள்வான். உய்த்துணர் கேள்விக்கு அது போதாது. இந்த விடை பத்தியின் இன்ன வரியிலிருந்து வருகிறது, அந்த விடை இன்ன இடத்தில் பத்தியைத் தாண்டுகிறது என்று ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு வாக்கியம் எழுதி, மத்தியத் தேர்வாணையமும் மாநில ஆணையங்களும் கேட், கிளாட் நடத்தும் நிறுவனங்களும் விடைக்குறிப்போடு சேர்த்து வெளியிட வேண்டும். கேள்வியைத் தயாரிக்கும்போதே வல்லுநரிடம் அந்தக் காரணம் இருந்திருக்கும். அதை அச்சிடுவதுதான் மிச்சம். காரணத்தை எழுத முடியாத கேள்வி எதுவோ, அது தாளிலிருந்து நீக்கப்பட வேண்டிய கேள்வி. இந்தக் கோரிக்கையை அடுத்த முதல்நிலைத் தேர்வுக்கு முன்பே ஆணையங்களிடம் எழுத்தில் வைக்க, புணேயின் அப்யாசிகாக்களும் தமிழ்நாட்டின் பயிற்சி மையங்களும் சேர்ந்து முன்வர வேண்டும்.